சிர்க்கோனியா மூசை 700 டிகிரியில் விரிசல் விட்டது. 2700 வரை தாங்கும் என்கிறார்களே?

குரோம்மண் (ரஸ்டன்பர்க்)

எல்லாருக்கும் வணக்கம். தென்னாப்பிரிக்காவில் ரஸ்டன்பர்க் பக்கம் ஒரு சின்ன ஆய்வகத்தில் தாதுப் பகுப்பாய்வு செய்கிறேன். வீடு டர்பன் பக்கம் சாட்ஸ்வர்த், வேலைக்காக இங்கே வந்து இரண்டு வருஷம் ஆகிறது. நேற்று நடந்ததைச் சொல்கிறேன், விவரம் தெரிந்தவர்கள் வழி காட்டுங்கள்.

குரோமைட் தாதுவில் குரோமியம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். 0.2 கிராம் தாதுத்தூள், 2 கிராம் சோடியம் பெராக்சைடு, இரண்டையும் மூசையில், அதாவது சூடு தாங்கும் உருக்குக் கிண்ணத்தில், கலந்து பர்னரில் உருக்கும் பழைய முறைதான். புதிதாக வந்த வெள்ளை சிர்க்கோனியா மூசையில் செய்தேன். இடுக்கியில் பிடித்து மெதுவாகச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். அடி மங்கலான சிவப்புக்கு வந்த நேரம், நாலாவது நிமிஷம் இருக்கும், "டிக்" என்று ஒரு சத்தம். அடியைச் சுற்றி மயிரிழை போல ஒரு கோடு ஓடியது. அடுத்த நொடி உருகல் கசிந்து பர்னர் வாயில் விழுந்தது, சுவாலை முழுக்க மஞ்சள். முகக்கவசம் போட்டிருந்தேன், தோல் கையுறையும் இருந்தது, அதனால் தப்பித்தேன்.

மேலாளர் சரக்கு மட்டம் என்கிறார். திருப்பி அனுப்பச் சொல்கிறார். எனக்கு அது சரியாகப் படவில்லை. சிர்க்கோனியா உருகுவது 2715 டிகிரி செல்சியஸில். 700 டிகிரியில் எப்படி உடையும்?

உலைக்காரன் (லெனேசியா)

தம்பி, முதலில் கையும் கண்ணும் நன்றாக இருக்கிறதா? அது போதும். உருகிய பெராக்சைடு தோலில் பட்டால் எலும்பு வரை அரிக்கும், காகிதத்திலோ மரத்தூளிலோ பட்டால் தீப்பிடிக்கும். பர்னரைத் தண்ணீர் விட்டுக் கழுவாதீர்கள். நன்றாக ஆறட்டும், அப்புறம் காய்ந்த மணலைப் போட்டு அள்ளுங்கள்.

இப்போது ஒரு கேள்வி. உங்கள் செய்முறைத் தாளில் என்ன எழுதியிருக்கிறது? சிர்க்கோனியா மூசையா, சிர்க்கோனியம் மூசையா? போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள். நான் 31 வருஷம் ஜோகன்னஸ்பர்க்கில் தங்க ஆய்வுக்கூடங்களில் உலையோடு இருந்தவன். இந்த ஒரு எழுத்தில் விழுந்தவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன்.

குரோம்மண்

பார்த்தேன் ஐயா. "சிர்க்கோனியம்" என்றுதான் இருக்கிறது. கொள்முதல் பட்டியலில் யாரோ "சிர்க்கோனியா" என்று அடித்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்று என்றே நினைத்திருந்தேன்.

உலைக்காரன்

அதேதான். சிர்க்கோனியம் உலோகம். எஃகுக் கிண்ணம் போலச் சாம்பல் நிறத்தில் பளபளக்கும், கீழே விழுந்தால் நசுங்கும், உடையாது. சிர்க்கோனியா அந்த உலோகத்தின் ஆக்சைடு, சுட்ட பீங்கான். பர்னரில் பிடித்துச் சுழற்றுகிற வேலைக்கு உலோகம்தான். சரக்கில் குற்றம் இல்லை, பெயரில்தான் குழப்பம்.

பாலைத்தென்றல் (கிம்பர்லி)

இதற்குப் போய் இவ்வளவு செலவு எதற்கு? அலுமினா மூசையில் செய்யலாமே, கடையில் மலிவாகக் கிடைக்கிறது.

சாலிஸ்பரித்தீவு (டர்பன்)

அலுமினா வேண்டாம் தம்பி. உருகுநிலை 2000 டிகிரிக்கு மேல் என்பது உண்மை. ஆனால் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் இரட்டை இயல்பு அதற்கு உண்டு. உருகிய பெராக்சைடில் சோடியம் அலுமினேட்டாகிக் கரைந்துகொண்டே போகும். பிளாட்டினமும் வேண்டாம், அதையும் இந்தச் சூட்டில் பெராக்சைடு அரிக்கும். இரும்பிலும் நிக்கலிலும் ஒரு காலத்தில் நாங்களே செய்திருக்கிறோம். ஒவ்வொரு உருக்கலிலும் மூசை கொஞ்சம் கரையும், சீக்கிரமே ஓட்டை விழும், கரைசலில் அந்த உலோகமும் சேர்ந்துகொள்ளும்.

ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன் நான். 1961-இல் டர்பன் துறைமுகத்துச் சாலிஸ்பரித் தீவில் இந்திய வம்சாவளியினரான நமக்கென்று ஒரு கல்லூரி திறந்தார்களே, அங்கே படித்தவன். 1972-இல் அது வெஸ்ட்வில்லுக்கு மாறியது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தப் பொருள் மேல் எனக்கு ஐம்பது வருஷத்துப் பிரியம்.

குரோம்மண் கேட்டது நியாயமான கேள்வி. உருகுநிலை என்பது ஒரு எண், சூட்டு அதிர்ச்சியைத் தாங்குவது வேறு சங்கதி. பீங்கானின் ஒரு பக்கம் சட்டென்று சூடேறினால் அந்தப் பக்கம் விரியும், மறுபக்கம் விரியாது. இரண்டுக்கும் நடுவில் இழுபறி. அந்த இழுப்பு, பொருளின் வலுவைத் தாண்டினால் விரிசல். சூட்டை வேகமாகக் கடத்தும் பொருளில் இந்த வேறுபாடு சீக்கிரம் சமனாகிவிடும். சிர்க்கோனியா சூட்டைக் கடத்துவதில் படுமந்தம். அறை வெப்பத்தில் அலுமினா அதைவிடச் சுமார் பத்து மடங்கு நன்றாகக் கடத்தும். அதோடு சிர்க்கோனியா சூட்டில் விரிவதும் அதிகம். மந்தமாகக் கடத்துவதும் நிறைய விரிவதும் சேர்ந்தால் என்ன ஆகும்? பர்னர் சுவாலை அடியில் ஒரு புள்ளியில் பட, விளிம்பு குளிர்ந்து கிடக்க, நாலாவது நிமிஷம் "டிக்".

இன்னொரு குணமும் இருக்கிறது. கலப்பில்லாத சிர்க்கோனியா மூன்று படிக வடிவம் எடுக்கும். 1170 டிகிரி வரை ஒற்றைச்சரிவு வடிவம், அதற்கு மேல் நாற்கோண வடிவம், 2370-க்கு மேல் கனசதுரம். மேலே போகும்போது பெரிய தொல்லை இல்லை. ஆறும்போதுதான் ஆபத்து: நாற்கோணம் ஒற்றைச்சரிவாக மாறுகையில் கனஅளவு 4 முதல் 5 விழுக்காடு வரை பெருகும். பொதுவாக எந்தப் பொருளும் ஆறினால் சுருங்கும், இது அந்த இடத்தில் வீங்கும். அதனால் வெறும் சிர்க்கோனியாவில் ஒரு பானை செய்து சுட்டால், உலையைத் திறக்கும்போது துண்டு துண்டாகக் கிடக்கும். இட்ரியா (இட்ரியம் ஆக்சைடு), சுண்ணாம்பு ஆக்சைடு, மக்னீசியா இவற்றில் ஒன்றைக் கலந்தால் மேல் வடிவம் கீழ் வெப்பத்திலும் கலையாமல் நிற்கும். கடையில் விற்கும் மூசை எல்லாம் இப்படிக் கலந்து நிலைப்படுத்தியவை. உங்கள் மூசை 1170-ஐத் தொடவே இல்லை, ஆகவே அது உடைந்ததற்கு இந்த வடிவ மாற்றம் காரணமில்லை. முழுக்க முழுக்கச் சூட்டு அதிர்ச்சிதான்.

பல்கூடம் (ஃபீனிக்ஸ்)

ஐயா எழுதியதைப் படித்ததும் என் மேசைதான் கண்ணுக்குள் வந்தது. பல் தொழில்நுட்பக் கூடம் என்னுடையது, தினமும் சிர்க்கோனியாவில்தான் கை. கட்டியாக வரும்போது சுண்ணக்கட்டி மாதிரி இருக்கும், நகத்தால் கீறினால் மாவு உதிரும். அதை இயந்திரத்தில் பல்லின் வடிவத்துக்குக் கடைகிறோம், வேண்டிய அளவைவிட ஏறக்குறைய கால் பங்கு பெரிதாக. அப்புறம் 1500 டிகிரி அளவில் சுட்டு எடுத்தால் சரியான அளவுக்குச் சுருங்கி நிற்கும். சுடுவதற்கு முன் கையிலிருந்து நழுவினால் உடையும். சுட்ட பிறகு அதைத் தேய்க்க வைரத்தூள் பதித்த முனை வேண்டும்.

என் சந்தேகம் இதுதான்: வடிவம் மாறினால் உடையும் என்கிறீர்கள். எங்களுக்கு வரும் பிரதிநிதிகள், வடிவம் மாறுவதால்தான் இது வலுவானது என்கிறார்கள். எது உண்மை?

சாலிஸ்பரித்தீவு

இரண்டும் உண்மை அம்மா. 1975-இல் ஆஸ்திரேலியாவில் கார்வி, ஹானிங்க், பாஸ்கோ மூவரும் கண்டுகொண்டது அது. உங்கள் பல் வகையில் இட்ரியாவை முழு அளவு கலக்காமல் 3 மோல் விழுக்காடு மாதிரி குறைத்துக் கலந்தால், நாற்கோணத் துகள்கள் மாறத் துடித்தபடியே மாறாமல் அடைபட்டுக் கிடக்கும். எங்காவது ஒரு விரிசல் கிளம்பி வந்தால் அதன் முனையில் இருக்கும் துகள்களுக்கு இழுப்பு கிடைக்கும், உடனே அவை ஒற்றைச்சரிவாக மாறி வீங்கும். அந்த வீக்கம் விரிசலின் வாயை இறுக்கி மூடிவிடும். மொத்தப் பொருளும் ஒரே நேரத்தில் வீங்கினால் பானை உடையும். விரிசல் முனையில் மட்டும் வீங்கினால் பல் நிலைக்கும்.

ஒரு எச்சரிக்கை, இது குரோம்மண் மாதிரி ஆட்களுக்கும் சேர்த்து. அந்த 3 மோல் வகையை 200, 300 டிகிரி நீராவியில் நெடுநேரம் வைத்தால் மேற்பரப்பிலிருந்து வடிவம் மாறத் தொடங்கிப் படிப்படியாக வலுவிழக்கும். அழுத்தக்கலத்தில் நீர் வைத்துச் செய்யும் வினைகளுக்கு அதைப் போடாதீர்கள்.

குரோம்மண்

மிக்க நன்றி ஐயா, அக்கா. மேலாளரிடம் விளக்கினேன், கேட்டுக்கொண்டார். ஆனால் இன்னும் ஐந்து சிர்க்கோனியா மூசை பெட்டியில் இருக்கிறது. இது எந்த வேலைக்குத்தான் ஆகும்?

உலைக்காரன்

தாது ஆய்வுக்கு எதற்கும் ஆகாது. யாருக்காவது கொடுத்துவிடுங்கள். எங்கள் தொழிலில் சுடுமண் மூசையும் மக்னீசியாக் கிண்ணமும் போதும். கியூப்பல் என்போம், உள்ளங்கையில் அடங்கும் குட்டிக் கிண்ணம். முன்பு எலும்புச் சாம்பலில் செய்தார்கள், இப்போது மக்னீசியாவிலும் வருகிறது. மக்னீசியா உருகுவது 2800-க்கும் மேல். அதன் பயன் சூடு தாங்குவதில் மட்டும் இல்லை, குடிப்பதில்தான். தங்கத்தைத் தன்னுள் சேர்த்துக்கொண்ட ஈயக் குண்டை அதில் வைத்து 950 டிகிரி உலையில் காற்றுப் பட விட்டால், ஈயம் ஆக்சைடாகி உருகிக் கிண்ணத்தின் நுண்துளைகளுக்குள் போய்விடும். தங்கமும் வெள்ளியும் போகாது. கடைசித் துளி ஈயம் போகும் கணத்தில் அந்த மணி சட்டென்று ஒரு மின்னு மின்னும். 31 வருஷத்தில் அதைப் பார்த்து ஒருநாளும் எனக்கு அலுத்ததில்லை. ஊரில் பெரியவர்கள் புடம் போட்ட பொன் என்பார்களே, அந்தச் சொல்லை நான் கண்ணால் பார்த்தது அங்கேதான்.

ஆசாரிவீடு (டர்பன்)

உலைக்காரன் அண்ணா, எதற்கும் ஆகாது என்று சொல்லிவிடாதீர்கள். எங்கள் குடும்பம் கிரே தெருவில் (இப்போது டாக்டர் யூசுஃப் தாதூ தெரு) மூன்று தலைமுறையாக நகை வேலை. மூசையைத் தாத்தா "குகை" என்றுதான் சொல்வார். தங்கம் 1064 டிகிரியில் உருகும், அதற்குக் களிமண் குகையே போதும். பிளாட்டினம் அப்படியில்லை, 1768. அந்தச் சூட்டில் மணற்சத்துள்ள குகையிலிருந்து கொஞ்சம் சிலிக்கான் கழன்று உலோகத்தில் சேர்ந்தால் போச்சு, மோதிரம் வளைக்கும்போதே வெடிக்கும். சிர்க்கோனியா குகை பிளாட்டினத்தோடு சேராது. பல்லேடியத்துக்கும் அதைத்தான் எடுக்கிறோம். ரஸ்டன்பர்க் என்றால் உங்கள் காலடியிலேயே பிளாட்டினம். அந்த ஐந்தையும் பத்திரமாக வையுங்கள் தம்பி.

சூடேற்றும் முறை மட்டும் மாற வேண்டும். சுவாலை நேராகப் படக்கூடாது. குளிர்ந்த உலையில் வைத்து, நிமிஷத்துக்கு மூன்று நான்கு டிகிரி வீதம் ஏற்றி, அதே நிதானத்தில் இறக்க வேண்டும். அவசரப்பட்டுக் கதவைத் திறந்தால் எங்களுக்கும் உடைந்திருக்கிறது. லோட் ஷெடிங் உச்சத்தில் இருந்தபோது, உருகலோடு இருந்த குகை மின்சாரம் போனதும் தாறுமாறாக ஆறி, காலையில் பார்த்தால் இரண்டு பாதி. அன்றிலிருந்து மின்வெட்டு அட்டவணையைப் பார்க்காமல் உலையை ஏற்றுவதில்லை.

கடையில் இன்னொன்று பார்த்திருக்கிறேன். அமெரிக்கன் டைமண்ட் என்று கம்மலில் வைக்கிறோமே, அதுவும் இதே சிர்க்கோனியா, கனசதுர வடிவம். வைரமா என்று சோதிக்கும் கருவியின் ஊசிமுனை லேசாகச் சூடாக இருக்கும். கல்லில் வைத்தால் வைரம் அந்தச் சூட்டை உடனே இழுத்துக்கொள்ளும், சிர்க்கோனியா இழுக்காது. சாலிஸ்பரித்தீவு ஐயா சொன்ன மந்தக் குணமேதான். தம்பியின் மூசையை உடைத்ததும் எங்கள் கடையில் கள்ளக் கல்லைக் காட்டிக்கொடுப்பதும் ஒரே குணம் என்று இன்றைக்குத்தான் புரிந்தது.

வடிகுழல் (பீட்டர்மாரிட்ஸ்பர்க்)

அக்கா, அந்தக் கல் எப்படி வளர்க்கிறார்கள் தெரியுமா? 2700 டிகிரிக்கு மேல் உருக்க வேண்டும், அதைப் பிடித்துவைக்க எந்த மூசையும் கிடையாது. மாஸ்கோவின் லெபெதெவ் இயற்பியல் கழகத்தில் 1970-களில் ஒரு வழி செய்தார்கள். நீர் ஓடும் செப்புக் குழாய்களை வட்டமாக நிறுத்தி, நடுவே சிர்க்கோனியாத் தூளைக் கொட்டி, ரேடியோ அலையால் சூடேற்றுவார்கள். நடுவில் உருகும். செப்பை ஒட்டிய ஓரத்தில் குளிர்ந்தே இருப்பதால் அங்கே உருகாமல் ஓடு கட்டிக்கொள்ளும். சிர்க்கோனியாவின் உருகலுக்குச் சிர்க்கோனியாவின் ஓடே மூசை. முதல்முறை படித்தபோது அந்தப் பக்கத்தை விட்டு நகர முடியவில்லை எனக்கு.

என் முதுகலை வேலை நிறப்பிரிகையில், அதாவது கலவையைக் குழலில் ஓட்டிப் பொருள்களைப் பிரிப்பதில். அங்கேயும் இந்த ஆக்சைடு வரும். வழக்கமான சிலிக்கா நிரப்பிய குழல் பி.எச். 8-ஐத் தாண்டினால் கரையத் தொடங்கும். சிர்க்கோனியா நிரப்பிய குழலுக்குக் கடும் காரமும் ஒன்றும் செய்யாது, கடும் அமிலமும் ஒன்றும் செய்யாது, 150 டிகிரிக்கு மேலும் ஓட்டலாம். ஆனால் பாஸ்பேட்டையும் கார்பாக்சிலிக் அமிலங்களையும் அதன் பரப்பு இறுகப் பிடித்துக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் எனக்கு ஒரு மாத வேலை வீணானது.

வினையூக்கியாகவும் அது தனி ரகம். சல்பேட் ஏற்றிய சிர்க்கோனியா, நேர்ச்சங்கிலி பியூட்டேனைக் குறைந்த சூட்டிலேயே கிளைச்சங்கிலியாக்கும் என்று ஹினோ, அராட்டா என்ற இருவர் 1970-களின் கடைசியில் காட்டினார்கள். திடப்பொருள், ஆனால் அடர் கந்தக அமிலம் செய்யும் வேலையைச் செய்கிறது. வினை முடிந்ததும் வடிகட்டி எடுத்துவிடலாம்.

கறுப்புமணல் (ரிச்சர்ட்ஸ் பே)

இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லையே! எங்கள் ஊர்க் கடற்கரை மணல்மேடுகளில்தான் தொடக்கம். மேட்டுக்குள் குளம் வெட்டி, மிதக்கும் இயந்திரம் மணலை உறிஞ்சி, எடை கூடிய மணலைப் பிரித்தெடுக்கும். இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான் மூன்றும் கிடைக்கும். காந்தத்தில் இல்மனைட் போய்விடும். மின்னூட்டத் தகட்டில் விட்டால் மின்சாரம் கடத்தும் ரூட்டைல் ஒரு பக்கம், கடத்தாத சிர்க்கான் ஒரு பக்கம் விழும். உள்ளங்கையில் சிர்க்கானை அள்ளிப் பார்த்தால் சர்க்கரை மாதிரி மினுங்கும், ஆனால் அதே அளவு சாதா மணலைவிடக் கனக்கும்.

கவனியுங்கள், சிர்க்கான் மூன்றாவது பெயர். அது சிலிக்கேட், சிர்க்கோனியாவும் மணற்சத்தும் கட்டிப் பிணைந்தது. பிரிக்க வேண்டுமென்றால் எரிசோடாவோடு உருக்க வேண்டும், இல்லையென்றால் வில் உலையில் கரியோடு சுட்டு மணற்சத்தைப் புகையாக ஓட்ட வேண்டும். லிம்போப்போவின் பாலபோராவில் பாடலேயைட் என்று சிர்க்கோனியாவே நேரடித் தாதுவாகக் கிடைத்தது. செம்பும் பாஸ்பேட்டும் தோண்டும்போது உடன் வந்தது. இயற்கை அதை அப்படியே கொடுத்த இடங்கள் உலகத்தில் அதிகமில்லை.

சாலிஸ்பரித்தீவு

நன்றாகச் சொன்னீர்கள். 1789-இல் கிளாப்ரோத் பெர்லினில் இந்த ஆக்சைடைப் பிரித்தது இலங்கையிலிருந்து போன சிர்க்கான் கல்லில்தான். உலோகத்தை ஓரளவு பிரித்தவர் பெர்சீலியஸ், 1824-இல். வளைகிற அளவுக்குத் தூய உலோகம் 1925-இல்தான் வந்தது. ஆகவே வளைகிற சிர்க்கோனியத்துக்கு வயது ஏறக்குறைய நூறுதான்.

எனக்குப் பிடித்த பயனைச் சொல்லிவிடுகிறேன். வெஸ்ட்வில்லில் பழைய அகச்சிவப்பு நிறமாலைமானி ஒன்று இருந்தது. அதன் ஒளிமூலம் நெர்ன்ஸ்ட் கோல்: சிர்க்கோனியாவும் இட்ரியாவும் கலந்து சுட்ட, தீக்குச்சி அளவு வெள்ளைக் குச்சி. குளிர்ந்திருக்கையில் மின்சாரமே பாயாது. பக்கத்தில் ஒரு கம்பிச்சுருளைச் சூடாக்கிக் காட்ட வேண்டும், அப்புறம்தான் கோல் விழித்துக்கொண்டு ஒளிரும். நெர்ன்ஸ்ட் 1897-இல் இதை மின்விளக்குக்காகவே செய்தார். கம்பியில் எலெக்ட்ரான் ஓடும், இதிலே ஓடுவது ஆக்சிஜன் அயனி. மூன்று இணைதிறன் இட்ரியம் நான்கு இணைதிறன் சிர்க்கோனியத்தின் இடத்தில் உட்காரும்போது, கணக்குச் சரிக்கட்ட ஆங்காங்கே ஆக்சிஜன் இடம் காலியாகிறது. அந்தக் காலியிடம் வழியாக அயனிகள் தாவித் தாவிப் போகின்றன.

உங்கள் காரின் புகைக்குழாயில் இருக்கும் ஆக்சிஜன் உணரியும் அதே பொருள்தான். ஒரு பக்கம் வெளிக்காற்று, மறுபக்கம் புகை, இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. ஆக்சிஜன் வேறுபாட்டுக்கு ஏற்ப மின்னழுத்தம் வரும்: எரிபொருள் மிகுந்தால் சுமார் 0.9 வோல்ட், குறைந்தால் 0.1. உருகிய எஃகில் எவ்வளவு ஆக்சிஜன் என்று பார்க்கவும் இதே தத்துவத்தில் ஒரு முனை உண்டு. ஒரே தடவை முக்கினால் அதன் ஆயுள் முடிந்தது, ஆனால் அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடும்.

உலைக்காரன்

ஆசாரிவீடு சொன்னது சரி, நான் என் தொழிலை மட்டும் வைத்துப் பேசிவிட்டேன். தம்பி, சிர்க்கோனியம் மூசை வந்ததும் இதைக் கவனியுங்கள். மங்கல் சிவப்புக்கு மேல் ஏற்றாதீர்கள். அந்த உலோகத்தைப் பெராக்சைடிலிருந்து காப்பது அதன் மேல் படியும் மெல்லிய ஆக்சைடுத் தோல், அதாவது நாம் இவ்வளவு நேரம் பேசிய அதே சிர்க்கோனியா. சூடு மிஞ்சினால் தோல் தடித்துப் பொரிந்து உதிரும், மூசை மெலியும். ஹைட்ரோஃபுளூரிக் அமிலத்தில் கழுவவே கூடாது. அப்புறம், உருகலை நீரில் கரைத்ததும் நன்றாகக் கொதிக்க விடுங்கள். பெராக்சைடு மிச்சம் இருந்து, நீங்கள் அமிலம் விட்டால், அது டைகுரோமேட்டை ஒடுக்கிவிடும், குரோமியம் குறைவாகக் காட்டும்.

குரோம்மண்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சிர்க்கோனியம் மூசை வந்துவிட்டது, நசுங்கினாலும் உடையாத சாம்பல் கிண்ணம், ஐயா சொன்னபடியே. குரோமிய அளவு முன்பே தெரிந்த சான்று மாதிரியை முதலில் உருக்கினேன். நீரில் விட்டதும் மஞ்சள் குரோமேட் பளிச்சென்று இறங்கியது, அடியில் இரும்பின் பழுப்பு வண்டல். குமிழி முழுக்க நின்ற பிறகும் பத்து நிமிஷம் கொதிக்க வைத்தேன். அமிலம் விட்டு, ஃபெரஸ் அம்மோனியம் சல்பேட்டில் தரம் பார்த்தேன். சான்றிதழ் எண்ணுக்கும் என் எண்ணுக்கும் 0.2 விழுக்காடுதான் வித்தியாசம். கொதிக்க வைக்காமல் ஒன்று செய்து பார்த்தேன், உலைக்காரன் ஐயா சொன்ன மாதிரியே குறைந்தது.

அலமாரியில் இரண்டு தட்டு பிரித்து, உலோகம் ஒன்றில், ஆக்சைடு ஒன்றில் என்று தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன். இங்கே என்னோடு வேலை செய்யும் ஸ்வானா நண்பர் எழுத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார், வாசித்துக் காட்டினேன். ஆசாரிவீடு அக்கா, அந்த ஐந்து குகையில் இரண்டை உங்களுக்கு அனுப்பட்டுமா? தைப்பூசத்துக்கு டர்பன் வருகிறேன், கையிலேயே கொண்டுவருகிறேன்.

ஆசாரிவீடு

கொண்டு வா தம்பி. உடைந்த துண்டும் இருந்தால் எடுத்து வா, என் பையனுக்கு அந்த விரிசலைக் காட்ட வேண்டும்.